அண்ணாச்சி, மஸ்டாங் கனவுக்குக் கான்டெசா போதுமா?

போன இதழில் என் வீட்டு ஷெட்டில் நிற்கும் 1987 மாடல் கான்டெசாவைப் பற்றி நாலு வரி எழுதியிருந்தேன். வந்த கடிதங்களில் பாதி அதைப் பற்றியே. அதனால் இந்த முறை முழுக்கப் பழைய கார்தான். வாசகர்களின் ஊரை மட்டும் போட்டிருக்கிறேன்.

அண்ணாச்சி, எனக்கு வயது 24. சின்ன வயதிலிருந்து அமெரிக்க மஸில் கார் என்றால் உயிர். வீட்டிலேயே ஒன்றை வைத்துச் சரிசெய்ய ஆசை. மஸ்டாங் நமக்கு எட்டாது. கான்டெசாவை இந்தியாவின் மஸில் கார் என்கிறார்களே, அது உண்மையா, வாங்கலாமா? (பாளையங்கோட்டை)

தம்பி, உருவத்தைப் பார்த்தால் உண்மை, இன்ஜினைப் பார்த்தால் இல்லை. மஸில் கார் என்றால் பெரிய இன்ஜின் வைத்து வேகத்துக்காகச் செய்த அமெரிக்கக் கார். 1964-இல் வந்த போன்டியாக் ஜிடிஓ-வில் இருந்து மஸில் கார் காலம் தொடங்கியது என்று சொல்வார்கள். அதில் 6.4 லிட்டர் வி8 இன்ஜின், 325 குதிரைத்திறன். நம் கான்டெசா இங்கிலாந்தின் வாக்ஸ்ஹால் விக்டர் வண்டியின் உடம்பை வாங்கி, ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் 1984-இல் கொண்டுவந்தது. அந்த நீளமான மூக்குக்குள்ளே வைத்தது அம்பாசிடரின் அதே 1489 சிசி இன்ஜின், ஐம்பது குதிரைத்திறன் பக்கம்தான். 1980-களின் பிற்பகுதியில் இசுசு 1.8 லிட்டர் பெட்ரோல் இன்ஜின் வந்த பிறகுதான் வண்டிக்கு மூச்சே வந்தது. 2002-இல் உற்பத்தி நின்றுபோனது.

ஆனாலும் வாங்கு என்றுதான் சொல்வேன். பின்சக்கர ஓட்டம், பானட்டைத் தூக்கினால் உள்ளே ஆளே இறங்கி நின்று வேலை பார்க்கிற அளவுக்கு இடம், கம்ப்யூட்டர் எதுவும் கிடையாது. வீட்டில் பழக இதைவிட நல்ல வண்டி இல்லை. அம்பாசிடர் இன்ஜின் போட்டதாக இருந்தால் இன்ஜின் சாமான் இன்றைக்கும் கிடைக்கும், இசுசு என்றால் கொஞ்சம் அலைய வேண்டும். கிடைக்காதது வேறு: பின்பக்க விளக்குக் கண்ணாடி, முன்கண்ணாடி, அதைச் சுற்றி வரும் ரப்பர், கதவுக் கைப்பிடி, கிரில். அதனால் வண்டி பார்க்கப் போகும்போது இன்ஜின் ஓடுகிறதா என்று பார்ப்பதற்கு முன்னால் இதெல்லாம் உடையாமல் இருக்கிறதா என்று பார். ஓடாத இன்ஜினை ஓட வைத்துவிடலாம், இல்லாத விளக்குக்குச் சென்னை புதுப்பேட்டை வரை போய் வெறுங்கையோடு திரும்பியவன் நான்.

இன்னொன்று, இதுதான் முக்கியம். வாங்கிய அன்றைக்கே ஸ்பேனரை எடுத்துக்கொண்டு முழுவதையும் கழற்றாதே. முதலில் ஓட வை, அடுத்து பிரேக் பிடிக்க வை, அப்புறம் ஒவ்வொரு பகுதியாக எடு. ஓடுகிற வண்டியைப் பார்த்தால் ஞாயிற்றுக்கிழமை கை தானாக வேலைக்குப் போகும். மொத்தமாகக் கழற்றிப் போட்ட வண்டி பெரும்பாலும் கழற்றிய நிலையிலேயே பழைய இரும்புக் கடைக்குப் போகிறது. இந்த மாவட்டத்தில் மட்டும் அப்படி நாலைந்தை என் கண்ணால் பார்த்திருக்கிறேன், ஒவ்வொன்றும் நல்ல வண்டி.

எங்கள் வீட்டு அம்பாசிடர் (1978) 2023 டிசம்பர் வெள்ளத்தில் மூழ்கிவிட்டது. தாமிரபரணித் தண்ணீர் இரண்டு நாள் நின்றது. அதன் பிறகு யாரும் தொடவில்லை. புது பேட்டரி போட்டு செல்ஃப் அடித்துப் பார்க்கலாமா? (சீவலப்பேரி)

வேண்டாம், தயவுசெய்து அடிக்காதீர்கள். அந்த வெள்ளத்தை நாம் யாரும் மறக்கவில்லை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. பெய்த மழை அது. அந்தத் தண்ணீர் வெறும் தண்ணீராக வரவில்லை, வண்டலோடு வந்தது. அந்த வண்டல் சிலிண்டருக்குள் இருக்கும்போது செல்ஃப் அடித்தால் பிஸ்டனும் சுவரும் உப்புத்தாள் போட்டுத் தேய்த்த மாதிரி ஆகிவிடும்.

முதலில் ஏர் கிளீனரைத் திறந்து பாருங்கள். உள்ளே மண் படிந்த கோடு தெரிந்தால் தண்ணீர் உள்ளே போயிருக்கிறது, யோசிக்காமல் ஹெட்டையும் (இன்ஜினின் மேல்மூடி) சம்ப்பையும் (அடியில் எண்ணெய் நிற்கும் தொட்டி) இறக்கிக் கழுவ வேண்டியதுதான். ஏர் கிளீனர் சுத்தமாக இருந்து, டிப் ஸ்டிக்கில் எண்ணெய் பால் காப்பி நிறத்தில் இல்லாமலும் இருந்தால் நம்பிக்கை உண்டு. நாலு பிளக்கையும் கழற்றி, டீசலும் இன்ஜின் ஆயிலும் சமமாகக் கலந்து ஒவ்வொரு சிலிண்டரிலும் நாலைந்து ஸ்பூன் ஊற்றி ஒரு வாரம் அப்படியே விடுங்கள். தினமும் போய்ப் பார்க்க ஆசை வரும். பாருங்கள், திருக மட்டும் வேண்டாம்.

அப்புறம் அம்பாசிடருக்கென்றே இருக்கும் ஹேண்டிலை எடுங்கள். முன் பம்பரின் ஓட்டையில் விட்டு மெதுவாக, கையால் மட்டும், முன்னும் பின்னும் அசையுங்கள். என் மாமா வண்டியை இப்படி எழுப்பியபோது எட்டாம் நாள் வரை அது கல் மாதிரி நின்றது. எட்டாம் நாள் காலையில் உள்ளே எங்கோ ‘டக்’ என்று ஒரு சத்தம், ஃபேன் இறக்கை ஒரு விரற்கடை நகர்ந்தது. அவ்வளவுதான் நகர்ந்தது, ஆனால் அதுவே போதும். மறுபடி எண்ணெய் விட்டு, மறுபடி அசைத்து, மறுநாள் முழுச் சுற்று வந்துவிட்டது. இதில் ஒரு எச்சரிக்கை: பிளக்கைத் திரும்பப் போட்டு ஹேண்டில் அடிக்கும் நாள் வந்தால், கட்டை விரலை மற்ற நாலு விரலோடு ஒரே பக்கம் வைத்துப் பிடியுங்கள். கைப்பிடியைச் சுற்றி வளைத்துப் பிடித்தால், இன்ஜின் எதிர்ப்பக்கம் உதைக்கும்போது விரலை ஒடித்துவிடும். பழைய டிரைவர்கள் எல்லாருக்கும் தெரிந்த விஷயம், இன்றைய பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க ஆள் இல்லை.

இன்ஜின் சுற்றியதும் சந்தோஷத்தில் ஓட்டிவிடாதீர்கள். கியர் பாக்ஸ், பின் ஆக்சில் இரண்டிலும் தண்ணீர் போயிருக்கும், எண்ணெயை மாற்றுங்கள். பெட்ரோல் டாங்கியை இறக்கிக் கழுவுங்கள். மாஸ்டர் சிலிண்டர், நாலு சக்கர சிலிண்டர் எல்லாவற்றுக்கும் புது ரப்பர். பிரேக் ஷூவைக் கழற்றும்போது அந்தத் தூசியைக் காற்று அடித்து ஊதாதீர்கள். அந்தக் காலத்து லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும், நுரையீரலுக்கு ஆகாது. ஈரத் துணியால் துடையுங்கள்.

ஹெட்டை இறக்கும்படி ஆனால் ஒரு வேலை சேர்த்துச் செய்துவிடுங்கள். உங்கள் வண்டி ஈயம் கலந்த பெட்ரோலுக்காகச் செய்தது. 2000-ஆம் ஆண்டோடு அந்தப் பெட்ரோல் நாட்டில் நின்றுவிட்டது. ஈயம்தான் வால்வு உட்காரும் இடம் தேயாமல் காத்துவந்தது. லேத் பட்டறையில் கொடுத்து எக்ஸாஸ்ட் பக்கம் கெட்டியான வால்வு சீட் போட்டு வாங்கினால் அந்தக் கவலை போய்விடும். அதோடு பெட்ரோல் ஹோஸ், பம்ப் டயாஃபிரம், கார்புரேட்டர் ரப்பர் எல்லாம் எத்தனால் தாங்குகிறதாகப் பார்த்து மாற்றுங்கள். இப்போது பங்க்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல், பழைய ரப்பர் அதில் ஊறிப் பிய்ந்துபோகும். ஹோஸ் கசிந்து சூடான மேனிஃபோல்டில் சொட்டினால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

கடற்கரை ஊர். கான்டெசாவின் கீழ்ப்பக்கம் துரு. டிங்கரிங் செய்பவர் ‘பட்டி போட்டு பெயின்ட் அடித்தால் புதுசு மாதிரி ஆயிடும்’ என்கிறார். சரியா? (உவரி)

ஒரு திருப்புளியை எடுத்துக்கொண்டு கதவைத் திறந்து, கதவுக்குக் கீழே நீளவாக்கில் ஓடுகிற பெட்டி மாதிரியான தகட்டின் அடியில் குத்திப் பாருங்கள். ‘டங்’ என்றால் பிழைத்தீர்கள். நான் என் வண்டியில் குத்தியபோது திருப்புளி சத்தமே இல்லாமல் பிடி வரைக்கும் உள்ளே போனது, இழுத்தபோது பின்னாலேயே தேயிலைத் தூள் மாதிரி துரு கொட்டியது. மேலே பெயின்ட் பளபளவென்று இருந்தது. வெளியே நல்லதாகத் தெரிகிற இடத்தில் ஒரு சின்னக் காந்தத்தை வைத்துப் பாருங்கள், ஒட்டாமல் நழுவினால் அங்கே தகடே இல்லை, பட்டிதான்.

அம்பாசிடர் மாதிரியே கான்டெசாவுக்கும் தனிச் சேஸிஸ் கிடையாது. உடம்புதான் சேஸிஸ். அந்தப் பெட்டித் தகடு வண்டியைத் தாங்குகிற எலும்பு. அதன் மேல் பட்டி போடுவது முறிந்த காலுக்குப் பவுடர் பூசுவது போல. அடிபட்டால் உள்ளே இருப்பவர் கதி என்ன? துரு போன இடத்தை நல்ல தகடு தெரியும் வரை வெட்டி எடுத்து, 20 கேஜ் தகட்டை அதே வளைவில் வளைத்து, பற்றவைக்க வேண்டும். கேஸ் வெல்டிங் வேண்டாம், சூட்டில் தகடு நெளிந்துவிடும். சிஓ2 வெல்டிங் வைத்திருக்கும் பட்டறையாகப் பாருங்கள். அதிலும் ஒரே கோடாக ஓட்டாமல் இங்கே ஒரு பொட்டு, அங்கே ஒரு பொட்டு என்று ஆறவிட்டு ஆறவிட்டு வைக்கச் சொல்லுங்கள்.

வெட்டுவதற்கு முன்னால் கதவு வாசலுக்குக் குறுக்கே இரும்புக் குழாயைப் பற்றவைத்து முட்டுக் கொடுத்தார்களா என்று கூடவே நின்று பாருங்கள். இது இல்லாமல் வெட்டினால் நடு உடம்பு கொஞ்சம் இறங்கிவிடும், அப்புறம் எத்தனை முறை கீலைத் திருகினாலும் கதவு சேராது. என் வண்டியில் ஒரு பட்டறையில் இதைச் செய்யாமலே வெட்டிவிட்டார்கள். இடது பின்கதவை நேராக்க எனக்கு ஏழு மாதம் போனது. வெல்டிங் முடிந்ததும் எபாக்ஸி பிரைமர் அடியுங்கள். சாதாரண பிரைமர் ஈரத்தைக் குடிக்கும், உங்கள் ஊர் உப்புக் காற்றில் அதை மட்டும் அடித்துவிட்டு மாதக்கணக்கில் விட்டால் பட்ட பாடு வீண். பெட்டித் தகட்டின் உள்ளேயும் மெழுகு கலந்த எண்ணெயைப் பீய்ச்சிவிடுங்கள், தண்ணீர் வடிய வைத்த ஓட்டைகளை அடைத்துவிடாமல்.

பெயின்ட் நானே வீட்டில் அடிக்கலாமா? எந்த மாதம் நல்லது? (தென்காசி)

ஹார்டனர் கலந்து அடிக்கிற இப்போதைய 2கே பெயின்டை வீட்டில் அடிக்கவே அடிக்காதீர்கள். அதன் ஹார்டனரில் ஐசோசயனேட் இருக்கிறது, துணி மாஸ்க் அதைத் தடுக்காது, ஒருமுறை ஒத்துக்கொள்ளாமல் போனால் ஆயுளுக்கும் ஆஸ்துமா. தேய்ப்பது, பட்டி, பிரைமருக்குத் தயார் செய்வது வரை வீட்டில் நீங்கள் செய்யுங்கள், கடைசி கோட்டிங்கை மட்டும் பெயின்ட் பூத் வைத்திருக்கும் இடத்தில் கொடுத்துவிடுங்கள். பழைய என்சி (நைட்ரோசெல்லுலோஸ்) பெயின்ட்தான் வேண்டும் என்றால் சாரல் காலத்திலும் ஐப்பசி, கார்த்திகையிலும் தொடாதீர்கள். ஈரக் காற்றில் அது வெள்ளையாகப் பூத்துவிடும். மாசி, பங்குனியில், காற்று எழும்புவதற்கு முன் காலை வேளை நல்லது.

அப்பா காலமாகிவிட்டார், ஆர்.சி. அவர் பெயரில் இருக்கிறது, 1986 மாடல். ‘வின்டேஜ்’ என்று பதிய முடியுமா? (மேலப்பாளையம்)

இப்போது முடியாது. 2021-இல் வந்த விதிப்படி முதல் பதிவிலிருந்து 50 வருடம் தாண்டிய வண்டிக்குத்தான் வின்டேஜ் பதிவு. அது கிடைத்தாலும் தினசரி ஓட்ட முடியாது, கண்காட்சி, ஊர்வலம் போன்றவற்றுக்கு மட்டும்தான். அதனால் நீங்கள் சாதாரணப் பதிவையே காப்பாற்றுங்கள். முதலில் படிவம் 31 கொடுத்து வாரிசாகப் பெயரை மாற்றுங்கள், பிறகு ஐந்து வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிப்பு. இன்ஜினையோ நிறத்தையோ மாற்றினால் அதையும் ஆர்.சி.யில் ஏற்ற வேண்டும். சேஸிஸ் எண் தட்டைத் தேய்க்கும்போது மணல்தாள் படாமல் டேப் ஒட்டி வையுங்கள், அந்த எண் அழிந்தால் வண்டியே கையை விட்டுப் போன மாதிரி.

அண்ணாச்சி, என் வீட்டுக்காரர் இரண்டு வருடமாக ஒரு கான்டெசாவைக் கழற்றி வைத்திருக்கிறார். வீட்டு முன்கூடம் முழுக்க இரும்பு, பத்தாயத்துக்குள்ளேயும் இரும்பு. அவரும் முன்னை மாதிரி அந்தப் பக்கம் போவதில்லை, கேட்டால் முகம் வாடிப்போகிறது. விற்கச் சொல்லவா? (வீரவநல்லூர்)

தங்கச்சி, உங்கள் கடிதத்தைத்தான் நான் ரொம்ப நேரம் கையில் வைத்திருந்தேன். அவருக்கு ஆசை போகவில்லை, எங்கே தொடங்குவது என்று தெரியாமல் மலைத்து நிற்கிறார். முழு வண்டியையும் ஒரே நேரத்தில் மனதில் சுமந்தால் யாருக்கும் அப்படித்தான் ஆகும். எனக்கும் இரண்டாம் வருடத்தில் ஆனது.

இப்போதைக்கு விற்கச் சொல்ல வேண்டாம். ஒரே ஒரு கதவை மட்டும் எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். அதன் கண்ணாடி ஏற்றும் கருவி, பூட்டு, ரப்பர், உள்பக்க அட்டை. இவ்வளவுதான் ஒரு மாதத்து வேலை, வேறு எதையும் தொடக் கூடாது. கதவு முடிந்து, இழுத்துச் சாத்தும்போது அது ‘தப்’ என்று கனமாக மூடுகிற சத்தத்தை அவர் ஒருமுறை கேட்கட்டும். கூடவே நீங்களும் ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து போல்ட், நட்டுகளை இடம் வாரியாகப் பிரித்து, பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டு, காகிதத்தில் எழுதி ஒட்டிக் கொடுத்தால் அவருக்குப் பாதி பாரம் இறங்கிவிடும். இன்ஜினையும் கியர் பாக்ஸையும் பத்தாயத்திலிருந்து வெளியே எடுத்து ஷெட்டில் பலகை மேல் வைத்து மூடச் சொல்லுங்கள், நெல் வைக்கிற இடம் உங்களுடையது, அதைக் கேட்க உங்களுக்கு எல்லா உரிமையும் உண்டு. அப்படி ஒதுங்க வைக்கும்போது துணியில் சுற்றிய சின்னச் சின்னப் பொட்டலங்கள் வந்தால் மட்டும் பழைய இரும்புக்காரரிடம் போட்டுவிடாதீர்கள், பிரித்துப் பாருங்கள். பின்விளக்குக் கண்ணாடி அதில்தான் இருக்கும்.