16 ஜிபி ரேமில் காணாமல் போன 512 எம்பி: எடுத்துவிடலாமா?

கடலூர் மஞ்சக்குப்பத்தில் மருந்து மொத்த விற்பனை செய்யும் வாசகர் ஒருவர் கேட்டிருப்பது: "எங்கள் பில்லிங் சர்வரில் 16 ஜிபி ரேம் இருந்தும் உபுண்டு ஏறக்குறைய 15 ஜிபிதான் காட்டுகிறது. புதுச்சேரியிலிருந்து வரும் டெக்னீஷியன், கிராஷ் டம்ப் என்ற பெயரில் 512 எம்பி வீணாகக் கிடக்கிறது என்றும், அதை எடுத்துவிட்டுக் கூடுதலாக ஒரு 16 ஜிபி ரேம் போட்டால் சர்வர் அடிக்கடி நின்றுபோவதும் சரியாகிவிடும் என்றும் சொல்கிறார். எடுத்துவிடலாமா?"

எடுக்காதீர்கள். அடிக்கடி நின்றுபோகும் சர்வரில் அந்த 512 எம்பியைப் பறிப்பது, என்ன நடந்தது என்று சொல்லக்கூடிய முக்கிய சாட்சியை விரட்டுவதாகும். கிராஷ் டம்ப் என்பது, சர்வர் விழும் கணத்தில் ரேமில் இருந்ததைச் சேமிக்கும் கோப்பு.

உபுண்டுவின் மைய நிரலான லினக்ஸ் கர்னல் நிலைகுலைந்து விழும்போது அதன் நினைவகத்தில் எது சரி, எது கெட்டது என்று அதற்கே தெரியாது. அந்த நிலையில் அதையே நம்பி டிஸ்கில் எழுதச் சொன்னால் நல்ல தரவையும் அது அழித்துவிடக்கூடும். ஆகவே 2005-இல் வெளிவந்த லினக்ஸ் 2.6.13 முதல் கேடம்ப் என்ற வேறொரு ஏற்பாடு இருக்கிறது: கணினி துவங்கும்போதே ரேமில் ஒரு பகுதியை ஒதுக்கி, அதில் இரண்டாவது கர்னல் ஒன்றை ஏற்றி வைத்துவிடுவார்கள், முதல் கர்னல் விழுந்தவுடன் பயாஸ் வழியாகப் போகாமல் நேரடியாக இது எழுந்து, பழைய ரேமில் இருந்ததை அப்படியே கோப்பாக எழுதும். நெட்வொர்க் கார்டும் டிஸ்க் கன்ட்ரோலரும் முதல் கர்னல் விழுந்த பிறகும் பழைய முகவரிகளில் எழுதிக்கொண்டிருக்கலாம். ஒதுக்கிய பகுதியின் முகவரி அவற்றுக்கு ஒருபோதும் தரப்படாததால் இரண்டாவது கர்னல் பாதுகாப்பாக இருக்கிறது. "தேவைப்படும்போது ஒதுக்கிக்கொள்ளலாமே" என்று கேட்பவர்களுக்கு இதுவே பதில். ஓடும் கணினியில் இந்த ஒதுக்கீட்டைக் குறைக்கலாம். கூட்ட வேண்டுமானால் ரீபூட் செய்தே ஆக வேண்டும்.

512 எம்பி என்பதும் யாரோ குருட்டாம்போக்கில் போட்ட எண் இல்லை. உபுண்டுவில் 4 முதல் 32 ஜிபி வரை ரேம் உள்ள கணினிக்கு அதுவே இயல்பு அளவு, 24.10 பதிப்பிலிருந்து, தகுதியுள்ள கணினிகளில் நிறுவும்போதே இந்த வசதி இயங்கிவிடுகிறது. உபுண்டு தயாரித்தவர்கள் இதை வெளியீட்டுக் குறிப்பிலேயே சொல்லியிருக்கிறார்கள், அதைப் படிக்காதவர்களிடம்தான் ரேம் வியாபாரம் நடக்கிறது. பழுதான ரேமே சர்வரை வீழ்த்தக்கூடும் என்பதால், புதிய ரேம் வாங்கும் முன் ஓர் இரவு மெம்டெஸ்ட் என்ற ரேம் சோதனை நிரலை ஓடவிடுங்கள். இருக்கும் ரேமைச் சோதிக்காமல் இன்னொன்றை விற்பவரிடம் எச்சரிக்கையாக இருங்கள்.

இன்னொரு பொறி, பழைய குறிப்புகளைப் பார்த்து எழுதும் துவக்க வரி, அதாவது கணினி துவங்கும்போது கர்னலுக்குத் தரும் கட்டளை வரி. ஒதுக்கீட்டு அளவுக்குப் பதிலாக 'ஆட்டோ' என்று எழுதுவது, இன்னொரு லினக்ஸ் நிறுவனமான ரெட்ஹாட் தன் கர்னலில் மட்டும் சேர்த்திருந்த வசதி. 2022-இல் வந்த ஒன்பதாம் பதிப்பில் அவர்களே அதை நீக்கிவிட்டார்கள். உபுண்டுவில் அப்படி எழுதினால் எதுவும் ஒதுக்கப்படாது. அளவை எண்ணாகவே எழுத வேண்டும்.

டிஸ்க் முழுவதையும் கடவுச்சொல்லால் பூட்டியிருக்கிறீர்களா என்பதை மட்டும் கட்டாயம் பாருங்கள், ஏனென்றால் அங்கே 512 எம்பி போதாது. டம்பை எழுத இரண்டாவது கர்னல் முதலில் அந்தப் பூட்டைத் திறக்க வேண்டும். லினக்ஸின் டிஸ்க் பூட்டு முறையான லக்ஸ் 2-இல் கடவுச்சொல்லைச் சரிபார்க்கும் ஆர்கான் கணக்கு, திருடர்கள் வேகமாக முயன்று பார்க்கக் கூடாது என்பதற்காகவே நினைவகத்தை அள்ளிச் சாப்பிடும்படி அமைக்கப்பட்டது, இயல்பு அமைப்பில் அது 1 ஜிபி வரை போகும். 512 எம்பிக்குள் அடைபட்ட கர்னல் அந்த இடத்தில் நினைவகம் போதாமல் தானும் விழும், உங்கள் கையில் ஒன்றும் மிஞ்சாது. ஒதுக்கீட்டை ஒன்றரை, இரண்டு ஜிபி ஆக்கலாம். ஆனால் இரவு இரண்டு மணிக்குச் சர்வர் விழுந்தால் கடவுச்சொல்லைத் தட்ட யார் இருப்பார்கள்? சிறிய நிறுவனத்துக்கு, சிஸ்டம் பகுதியை வெளியே விட்டுவிட்டு, பில்லிங் தரவு உள்ள பகுதியை மட்டும் பூட்டுவது நடைமுறைக்கு ஒத்துவரும்.

டம்ப் கோப்பை யாரிடமும் அப்படியே கொடுக்காதீர்கள். டம்பை எழுதும் மேக்டம்ப்ஃபைல் என்ற கருவி, உபுண்டுவின் இயல்பு அமைப்பில் 31 என்ற வடிகட்டு அளவில் காலிப் பக்கங்களையும் பயனர் நிரல்களின் பக்கங்களையும் விட்டுவிடுகிறது என்றாலும், கர்னல் வைத்திருந்த சாவிகளும் நெட்வொர்க்கில் போய்க்கொண்டிருந்த தகவல்களும் மீதியில் இருக்கலாம். வடிகட்டு அளவை யாராவது பூஜ்யமாக்கியிருந்தால், அப்போது ரேமில் இருந்த உங்கள் வாடிக்கையாளர் கணக்குகளும் அந்தக் கோப்பில் இருக்கும். அதைப் பென் டிரைவில் வாங்கிப்போகும் இடைத்தரகருக்கு அதைப் படிக்கத் தெரியாது, ஆனால் விற்கத் தெரியும். கேட்டால், அதனுடன் சேமிக்கப்படும், கர்னலின் செய்திப் பதிவான டிமெசெக் உரைக்கோப்பை மட்டும் கொடுங்கள். எந்த டிரைவர் விழுந்தது என்பது பெரும்பாலும் அதன் கடைசிப் பக்கத்திலேயே இருக்கும்.

மின்சாரம் போய் நின்றால் டம்ப் எதுவும் கிடைக்காது. பருவமழைக் காலத்தில் சர்வர் நின்ற நேரத்தோடு மின்வெட்டு நேரத்தை ஒப்பிட்டுப் பாருங்கள். பொருந்தினால் குற்றவாளி யுபிஎஸ் பேட்டரி.

பராமரிப்பு ஒப்பந்தம் போடுபவர்கள் 'சர்வீஸ் ஓடுகிறது' என்று காட்டிக் கையெழுத்து வாங்குவார்கள். சர்வீஸ் ஓடுவதும் டம்ப் எழுதப்படுவதும் வெவ்வேறு. கேடம்ப்-கான்ஃபிக் ஷோ என்ற கட்டளை 'ரெடி' என்று சொன்ன பிறகும், ஒரு ஞாயிறு இரவு பேக்கப் எடுத்து, பில்லிங்கை நிறுத்தி, கர்னலுக்கு நேரடியாகக் கட்டளை தரும் சிஸ்ஆர்க்யூ வழியாகச் 'சி' எழுத்தை அனுப்பிக் கர்னலை வேண்டுமென்றே விழச் செய்யச் சொல்லுங்கள், அருகிலேயே இருங்கள். ரீபூட் ஆனதும் கிராஷ் அடைவில் தேதியிட்ட கோப்புறை வந்திருக்க வேண்டும். வரவில்லை என்றால், கணினியைத் துவக்கும் நிரலான கிரப்பின் அமைப்பில் கேடம்புக்கென்று உள்ள கோப்பில் 512-ஐ 768 ஆக்கி, கிரப்பைப் புதுப்பித்து, ரீபூட் செய்து, இதே சோதனையை மறுபடி நடத்தச் சொல்லுங்கள்.