ஏழடி ஆளுக்கு எத்தனை கோடி?

கேள்வி: ஆட்டத்துக்கு எட்டுப் புள்ளிகூட எடுக்காத ஐசையா ஹார்டென்ஸ்டைனுக்கு 2024-ல் அமெரிக்காவின் என்பிஏ கூடைப்பந்து அணியான ஓக்லஹோமா சிட்டி தண்டர் 3 ஆண்டுக்கு 8.7 கோடி டாலர் கொடுத்தது. வளர்ந்து வரும் ஒரு சென்டர் (கூடைக்குப் பக்கத்தில் நின்று ஆடும் நெடிய ஆள்) சந்தைக்கு வந்துவிட்டால், மதிப்பைவிட அதிகம் கொட்டிக் கொடுத்தாவது தூக்கிவிட வேண்டுமா? (கோவை வாசகர்)

விலை அதிகம்தான், மறுக்கவில்லை. முந்தைய சீசனில் நியூயார்க் நிக்ஸுக்காக அவர் எடுத்த சராசரி 7.8 புள்ளி, 8.3 ரீபவுண்ட் (கூடையில் விழாமல் திரும்பும் பந்தைப் பிடிப்பது). நிக்ஸுக்கும் அவரை விட மனசில்லை, ஆனால் அங்கே அவர் ஆடியது இரண்டே சீசன் என்பதால் விதிப்படி 4 ஆண்டுக்குச் சுமார் 7.25 கோடிக்கு மேல் அவர்களால் எழுத முடியாது. அதாவது ஆண்டுக்கு 1.8 கோடி. தண்டர் கொடுத்தது ஆண்டுக்கு 2.9 கோடி. ஆனாலும் என் பதில், கொடுத்தது சரி. என் கணக்கு ரொம்ப எளிது: பணத்தைத் தாராளமாகக் கூட்டலாம், வருஷத்தைக் கூட்டக் கூடாது.

அந்த ஒப்பந்தத்தைப் பிரித்துப் பாருங்கள். முதல் ஆண்டு 3 கோடி, அடுத்த இரண்டு ஆண்டும் தலா 2.85 கோடி. வழக்கமாக வருஷா வருஷம் ஏறுகிற சம்பளம் இங்கே இறங்குகிறது. மூன்றாவது ஆண்டான 2026-27 அணியின் விருப்பத்தைப் பொறுத்தது, வேண்டாமென்றால் கைகழுவிவிடலாம். ஏன் சரியாக அந்த ஆண்டு என்று கேளுங்கள். அணியின் இளம் நட்சத்திரங்களான செட் ஹோம்கிரெனும் ஜேலன் வில்லியம்ஸும் புதுமுகங்களுக்கான குறைந்த சம்பளத்தில் ஆடுவது 2025-26 வரைதான், அதற்கப்புறம் இருவருக்கும் பெரிய சம்பளம் தொடங்குகிறது. நடுவில் இரண்டு வருஷம் சம்பளக் கணக்கில் இடம் சும்மா கிடந்தது, அதை ஹார்டென்ஸ்டைனை வைத்து நிரப்பினார்கள். 57 ஆட்டம் ஜெயித்துவிட்டு 2024 பிளேஆஃபில் டல்லாஸிடம் தோற்ற அணி அது, ரீபவுண்டில் படு பலவீனம். அப்புறம் நடந்தது உங்களுக்குத் தெரியும். நவம்பரில் ஹோம்கிரெனுக்கு இடுப்பெலும்பு முறிந்தது, கை எலும்பு முறிந்து உட்கார்ந்திருந்த ஹார்டென்ஸ்டைன் அதே மாதம் திரும்பி வந்து நடுவில் நின்றார், அணி 68 வெற்றி, 2025 ஜூனில் இண்டியானாவுக்கு எதிரான ஏழாவது ஆட்டத்தில் கோப்பை. அவருக்கு அதிகமாகக் கொடுத்த அந்த ஒரு கோடி சொச்சத்தை இன்றைக்கு அந்த ஊரில் யாராவது திருப்பிக் கேட்பார்களா?

இப்போது இதே அணியின் இன்னொரு கதை. தண்டர் 2008-ல் ஓக்லஹோமாவுக்குக் குடிபோகும் முன்பு சியாட்டிலில் சூப்பர்சானிக்ஸ் என்ற பெயரில் இருந்தது. 1995-96-ல் 64 வெற்றி, இறுதிப் போட்டியில் மைக்கேல் ஜோர்டனின் சிகாகோவிடம் 4-2 தோல்வி. நடுவில் ஒரு பெரிய ஆள் இருந்தால் போதும் என்று முடிவு செய்து, வாஷிங்டன் அணியில் பதிலாளாக இருந்த ஜிம் மெக்கில்வேன் என்ற ஏழடி ஒரு அங்குலக்காரரை அந்தக் கோடையில் 7 ஆண்டுக்கு 3.36 கோடி டாலர் கொடுத்து அழைத்து வந்தார்கள். அவருடைய முந்தைய சீசன் சராசரி 2.3 புள்ளி! ஆட்டத்துக்குக் கால் மணி நேரம் ஆடி எதிரணியின் எறிதல்களில் இரண்டைத் தடுத்திருந்தார், அதைப் பார்த்து மயங்கினார்கள். அணியின் உண்மையான நட்சத்திரம் ஷான் கெம்ப், அவருக்கு வந்துகொண்டிருந்தது மெக்கில்வேனைவிடக் குறைவு, ஒப்பந்த விதிப்படி அதை அப்போது மாற்றி எழுதவும் வழியில்லை. கெம்ப் கோபித்துக்கொண்டு பயிற்சி முகாமுக்கே வரவில்லை. 1997-ல் அவரை கிளீவ்லாந்துக்கு அனுப்ப வேண்டியதாயிற்று. மெக்கில்வேன் சியாட்டிலில் ஆடியது இரண்டு சீசன். அந்த ஊரில் இருந்தவரை சானிக்ஸ் மறுபடி இறுதிப் போட்டி பக்கம் போகவே இல்லை.

இரண்டு பேரும் விலைக்கு மீறி வாங்கப்பட்டவர்கள்தான். ஒருவர் மூன்று வருஷம், இன்னொருவர் ஏழு வருஷம். மெக்கில்வேன் விஷயத்தில் சம்பளத்தைவிட மோசம், உடை மாற்றும் அறையில் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறவன் என்ன நினைப்பான் என்று யாரும் யோசிக்கவில்லை.

கேள்வி: சென்டர்களுக்கு மட்டும் ஏன் இப்படிப் பைத்தியக்கார விலை? (திருச்சி வாசகி)

ஏழடி மனிதர்கள் ஊருக்கு ஊர் பிறப்பதில்லை, அவ்வளவுதான். கை வேகத்தையும் குறி பார்த்து எறிவதையும் சொல்லிக் கொடுக்கலாம், உயரத்தை எந்தப் பயிற்சியாளரும் சொல்லிக் கொடுக்க முடியாது. அதனால் கொஞ்சம் ஓடத் தெரிந்த ஏழடிக்காரர் கண்ணில் பட்டாலே மேலாளர்களுக்குக் கை அரிக்கிறது.

அத்துடன் பிளேஆஃப் என்கிற போதை. 2016-ல் டொரான்டோவின் வழக்கமான சென்டர் வலன்சியூனஸ் காயம்பட்டதால் பிஸ்மாக் பியோம்போவுக்கு வாய்ப்பு வந்தது, கிளீவ்லாந்துக்கு எதிரான ஓர் ஆட்டத்தில் 26 ரீபவுண்ட் எடுத்தார். சில வாரம் கழித்து ஆர்லாண்டோ அவருக்கு 4 ஆண்டு, 7.2 கோடி டாலர். அதே கோடையில் லேக்கர்ஸ், டிமோஃபே மோஸ்கவ் என்ற ரஷ்ய சென்டருக்கு 4 ஆண்டு, 6.4 கோடி. புதிய டிவி ஒப்பந்தத்தால் அணிகளின் சம்பள வரம்பு ஒரே வருஷத்தில் 7 கோடியிலிருந்து 9.4 கோடி டாலருக்குத் தாவிய கோடை அது. எல்லார் கையிலும் காசு, கடையில் சரக்கு கம்மி.

விளைவு? மோஸ்கவ்வை யார் தலையிலாவது கட்டுவதற்காக அடுத்த ஆண்டே டி'ஏஞ்சலோ ரஸ்ஸல் என்ற இளம் வீரரையும் சேர்த்து புரூக்ளினுக்குக் கொடுத்தது லேக்கர்ஸ். 2018-ல் இன்னும் வேடிக்கை. அதற்குள் மோஸ்கவ் சார்லட் அணிக்குப் போயிருந்தார், அங்கிருந்து ஆர்லாண்டோ அவரை வாங்கிக்கொண்டு பியோம்போவை சார்லட்டுக்கு அனுப்பியது. இவர் பாரத்தை அவர் தலைக்கும், அவர் பாரத்தை இவர் தலைக்கும் மாற்றிக்கொண்டார்கள். மோஸ்கவ் ஆர்லாண்டோவுக்காக ஓர் ஆட்டம்கூட ஆடவில்லை.

கேள்வி: 2022-ல் டியாண்ட்ரே எய்ட்டனுக்கு இண்டியானா கொடுக்க முன்வந்த 13.3 கோடி டாலரை ஃபீனிக்ஸ் ஏன் ஈடுகட்டியது? பிடிக்காத ஆளை விட்டுத் தொலைத்திருக்கலாமே? (சென்னை வாசகர்)

நல்ல கேள்வி, இதில்தான் விஷயமே இருக்கிறது. முதலில் விதி. அறிமுக ஒப்பந்தம் முடிந்த எய்ட்டன் போன்றவர்கள் ரெஸ்ட்ரிக்டட் ஃப்ரீ ஏஜென்ட். வேறோர் அணி என்ன விலை எழுதினாலும் பழைய அணி அதே விலையைக் கொடுத்துத் தக்கவைக்கலாம். ஐபிஎல் ஏலத்தில் ஆர்டிஎம் கார்டு பார்த்திருப்பீர்கள், ஏறக்குறைய அதுதான். ஆனால் ரிஷப் பந்த் ஏலத்தில் டெல்லி 20.75 கோடி ரூபாய்க்குக் கார்டைக் காட்டியதும் லக்னோ 27 கோடி என்று ஏற்றிவிட்டதே, அந்தக் கடைசி ஏற்றம் இங்கே கிடையாது. எழுதின விலையை ஈடுகட்டினால் ஆள் பழைய அணிக்கே.

எய்ட்டன் 2018 புதுமுக வீரர் தேர்வில் லூகா டான்சிச்சுக்கும் முன்னால் முதல் ஆளாகத் தேர்வானவர். 2021-ல் ஃபீனிக்ஸ் இறுதிப் போட்டிக்குப் போனதில் அவருக்குப் பெரிய பங்கு. ஆனாலும் அந்த அக்டோபரில் அவர் கேட்ட உச்சபட்ச நீட்டிப்பை அணி கொடுக்கவில்லை. 2022 மே மாதம் டல்லாஸுக்கு எதிரான ஏழாவது ஆட்டத்தில், சொந்த மைதானத்தில், 33 புள்ளி வித்தியாசத்தில் மானம் போன அன்றைக்கு, அவரை 17 நிமிடம் ஆடவிட்டு உட்கார வைத்தார்கள். இத்தனைக்கும் பிறகு ஜூலையில் இண்டியானா 4 ஆண்டுக்கு 13.3 கோடி எழுதியதும் அன்றைக்கே ஈடுகட்டினார்கள்.

முரண் போலத் தெரிகிறது, ஆனால் வேறு வழி இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை. ஃபீனிக்ஸ் ஏற்கெனவே சம்பள வரம்பைத் தாண்டி நின்ற அணி. வரம்பைத் தாண்டிய அணி, தன்னிடம் மூன்று சீசனாவது ஆடிய சொந்த ஆளுக்கு உச்சபட்சச் சம்பளம்வரை கொடுக்கலாம், வெளி ஆளை அந்தப் பணத்தில் வாங்க முடியாது. எய்ட்டன் போனால் அந்த 13.3 கோடி மிச்சமாகி இன்னொரு சென்டராக மாறாது, வெறுமனே நடுவில் ஒரு ஓட்டை விழும். சம்பளத்தோடு ஆள் கையில் இருந்தால் நாளைக்கு வேறு யாருக்காவது மாற்றலாம். அப்படித்தான் ஆயிற்று. 2023 செப்டம்பரில் டேமியன் லில்லர்ட் கைமாறிய மூன்று அணி பேரத்தில் எய்ட்டனை போர்ட்லாந்துக்குத் தள்ளிவிட்டு நுர்கிச், கிரேசன் ஆலன் உள்ளிட்டவர்களை வாங்கினார்கள். ஆகவே வெளியிலிருந்து வாங்குகிற அணிக்கும் உள்ளே இருப்பவரைத் தக்கவைக்கிற அணிக்கும் 'அதிக விலை' என்பது ஒரே பொருள் அல்ல.

போர்ட்லாந்துதான் பாவம். 2025 கோடையில், கடைசி ஆண்டு மிச்சமிருக்கையிலேயே பேசித் தீர்த்து அவரை விடுவித்தது. லேக்கர்ஸ் அவரை ஆண்டுக்குச் சுமார் 80 லட்சம் டாலருக்கு எடுத்துக்கொண்டது. எய்ட்டன் கிடைக்காத இண்டியானா தன்னிடம் இருந்த மைல்ஸ் டர்னரையே வைத்துக்கொண்டு 2025 இறுதிப் போட்டிவரை போனது. கேட்டது கிடைக்காமல் போனதில் இவ்வளவு லாபம் பார்த்த அணி வேறு இருக்குமா தெரியவில்லை.

கேள்வி: 1996-ல் ஷக்கீல் ஓ'நீலுக்கு லேக்கர்ஸ் ஏழு வருஷம் எழுதியதே? உங்கள் கணக்கு அங்கே உதைக்கிறது! (மதுரை வாசகர்)

உதைக்கவில்லை. 24 வயதில் அவர் 'வளர்ந்து வரும்' சென்டரா என்ன? ஏற்கெனவே அதிகப் புள்ளி எடுத்த வீரர் பட்டியலில் முதலிடம் பிடித்து, ஆர்லாண்டோவை இறுதிப் போட்டிக்குக் கூட்டிப்போனவர். அந்த ஊர்ப் பத்திரிகை, ஏழு வருஷத்துக்கு 11.5 கோடி டாலர் கொடுக்கலாமா என்று வாசகர்களைக் கேட்க, பத்தில் ஒன்பது பேர் வேண்டாம் என்றார்கள். அவர் லேக்கர்ஸுக்குப் போய் 2000, 2001, 2002 மூன்று கோப்பை வாங்கினார். அப்படி ஓர் ஆள் கிடைத்தால் ஏழென்ன, பத்து வருஷம் எழுதுங்கள், நான் தடுக்க மாட்டேன். மற்ற எல்லாரும் தங்களை அடுத்த ஷக்கீல் என்று காட்டும் முகவரை வைத்திருப்பவர்கள்.

கேள்வி: சரி, நிஜமாகவே வளரப் போகிறவரா என்று எப்படித் தெரிந்துகொள்வது? (சேலம் வாசகர்)

புள்ளியைப் பார்க்காதீர்கள், நிமிடத்தைப் பாருங்கள். சிகாகோவில் ஒமர் ஆசிக் 2011-12-ல் ஆட்டத்துக்கு 15 நிமிடம்கூட ஆடவில்லை, ஆனால் அதற்குள் ஐந்துக்கு மேல் ரீபவுண்ட். ரீபவுண்ட் எடுக்கிற கை நிமிடம் கூடினாலும் பெரும்பாலும் எடுக்கும். ஹூஸ்டன் அதை நம்பி 3 ஆண்டுக்கு 2.5 கோடி எழுதியது. மூன்றாவது ஆண்டுச் சம்பளத்தை மட்டும் ஏறக்குறைய ஒன்றரைக் கோடிக்கு ஏற்றி வைத்த தந்திரத்தால் சிகாகோ ஈடுகட்டப் பயந்து விட்டுவிட்டது. முதல் சீசனிலேயே 10 புள்ளி, 11.7 ரீபவுண்ட். அதே ஆசிக்கை 2015-ல் நியூ ஆர்லியன்ஸ் 5 ஆண்டுக்கு எழுதி வைத்துக்கொண்டது. காயம், நோய் என்று போய், 2018-ல் ஒரு முதல் சுற்றுத் தேர்வையும் (புதுமுக வீரரை எடுக்கும் உரிமை) சேர்த்துத்தான் அவரைக் கைமாற்ற முடிந்தது. ஒரே மனிதர், மூன்று வருஷத்தில் லாபம், ஐந்து வருஷத்தில் நஷ்டம்.

அப்புறம் ஃப்ரீ த்ரோ, அதாவது எதிரணி தவறு செய்தால் கிடைக்கும் தடையில்லா எறிதல். அது மோசமானால் எதிரணி வேண்டுமென்றே தவறு செய்து அவரையே எறிய வைக்கும், கடைசி ஐந்து நிமிடம் அவரை ஆட வைக்கவே பயமாக இருக்கும். கோல்டன் ஸ்டேட் 2008-ல் 22 வயது ஆண்ட்ரிஸ் பியட்ரின்ஸுக்கு 6 ஆண்டு கொடுத்தது. 2009-10-ல் அவர் எறிந்தது 25, விழுந்தது 4. 2013-ல் அவரைக் கழற்றிவிட முதல் சுற்றுத் தேர்வுகளைக் கொடுக்க வேண்டியிருந்தது.

கேள்வி: ஏலத்தில் தோற்றுவிட்டால் என்ன செய்வது? (நெல்லை வாசகி)

ஒன்றும் ஆகாது. அதே கோல்டன் ஸ்டேட் 2011 டிசம்பரில் டியாண்ட்ரே ஜோர்டனுக்கு 4 ஆண்டு, 4.3 கோடி எழுதியது. இடம் உண்டாக்க சார்லி பெல் என்ற வீரரைப் பொதுமன்னிப்பு விதியில் (சம்பளத்தை வரம்புக் கணக்கில் சேர்க்காமல் ஒருவரை விடுவிக்கும் விதி) கழற்றிவிட்டது. கிளிப்பர்ஸ் ஈடுகட்டியது. மூன்று மாதம் கழித்து கோல்டன் ஸ்டேட் மான்ட்டா எல்லிஸைக் கொடுத்து ஆண்ட்ரூ போகட்டை வாங்கி, அவரை வைத்து 2015-ல் கோப்பை அடித்தது. ஜோர்டனும் கிளிப்பர்ஸில் நன்றாகவே வளர்ந்து 2016-ல் ஆண்டின் சிறந்த ஐவரில் ஒருவரானார். அந்தப் பேரத்தில் வேலை போனவர் சார்லி பெல் மட்டும்தான், விதிப்படி அவருக்கும் மிச்சச் சம்பளம் வந்து சேர்ந்தது.