திரைச்சீலைக் கம்பியையும் பிளைண்டையும் நாமே பொருத்த முடியுமா?

சுவரில் துளையிட்டுப் பழக்கமில்லாத ஒருவர் ஜன்னல்களுக்குத் திரைச்சீலைக் கம்பியையும், மேலிருந்து இறக்கி ஏற்றும் மறைப்பான பிளைண்டையும் தாமே பொருத்திக்கொள்ள இயலுமா, ஆள் வைத்துத்தான் செய்ய வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். இயலும். எங்கள் வீட்டின் ஒன்பது ஜன்னல்களில் எட்டை நானே செய்து முடித்தேன். ஆனால் முதலில் மாட்டிய கம்பி, மூன்றே வாரத்தில் ஒரு கைப்பிடி சிமெண்டுப் பூச்சையும் பெயர்த்துக்கொண்டு கீழே விழுந்தது.

துணியின் எடைதான் காரணம் என்று முதலில் நினைத்தேன், அது தவறு. சுவர்ப்பூச்சு பெரும்பாலும் 12 முதல் 20 மி.மீ. வரை கனமாக இருக்கும். திருகைப் பிடித்துக்கொள்ளத் துளைக்குள் நான் அடித்த பிளாஸ்டிக் பிளக்கின் நீளமோ 25 மி.மீ.தான். ஆகவே அதன் பெரும்பகுதி செங்கல்லை எட்டாமல், உதிரக்கூடிய பூச்சிலேயே நின்றுவிட்டது. கம்பியைத் தாங்கும் பிராக்கெட் சுவரிலிருந்து நீண்டு நிற்பதால், திரையை இழுக்கும் ஒவ்வொரு முறையும் அது நெம்புகோலாகி மேல் திருகை வெளியே இழுக்கிறது. இப்போது 8 மி.மீ. பருமனும் 40 மி.மீ.க்குக் குறையாத நீளமும் உள்ள பிளக்கையே பயன்படுத்துகிறேன். டிரில் பிட்டும் அதே 8 மி.மீ. அளவில் இருக்க வேண்டும்; துளை பெரிதாகிவிட்டால் தீக்குச்சி செருகிச் சமாளிக்கும் வழக்கத்தை நானும் முயன்று பார்த்திருக்கிறேன், அது நிற்பதில்லை. தூள் அடியில் தங்கும் என்பதால் துளை பிளக்கைவிட 10 மி.மீ. ஆழமாக இருக்கட்டும், பிட்டின் மேல் அந்த அளவில் இன்சுலேஷன் டேப்பைச் சுற்றிக்கொண்டால் ஆழம் தவறாது.

துளையிடும்போது வெளிவரும் தூளைக் கவனித்தாலே சுவருக்குள் இருப்பது புரிந்துவிடும். செங்கல் தூள் சிவப்பாக வரும். பூச்சைத் தாண்டிய பின் பிட் சிறிதும் நகராமல் நின்று, சாம்பல் நிறத் தூள் மட்டும் வந்தால், அது ஜன்னலுக்கு மேலுள்ள கான்கிரீட் விட்டமான லிண்டல். மெஷினில் கோளாறு என்று எண்ண வேண்டாம், இடித்துக்கொண்டே துளையிடும் ஹேமர் நிலைக்கு மாற்றி, பொறுமையாக அழுத்தினால் போதும். கீச்சென்ற ஒலியோடு பளபளக்கும் இரும்புத் துகள் வந்தால் கான்கிரீட்டுக்குள் இருக்கும் இரும்புக் கம்பியைத் தொட்டுவிட்டீர்கள். அங்கே போராடாமல் இரண்டு செ.மீ. தள்ளித் துளையிடுங்கள். லிண்டல், ஜன்னலின் இருபுறமும் சுமார் 15 செ.மீ. அளவுக்குச் சுவருக்குள் நீண்டிருப்பது வழக்கம் என்பதால், ஒரே பிராக்கெட்டின் ஒரு துளை கான்கிரீட்டிலும் மற்றொன்று செங்கல்லிலும் அமைவது உண்டு. ஜிப்சம் பலகைச் சுவராக இருந்தால் இந்தக் கணக்கெல்லாம் பொருந்தாது. உள்ளிருக்கும் சட்டத்தைத் தேடி அதில் திருக வேண்டும். ஸ்விட்ச் போர்டுக்கு நேர் மேலும் கீழும் மின்கம்பி செல்லும் என்பதால் அந்தக் கோட்டை மட்டும் விட்டுவிடுங்கள்.

கம்பியை ஜன்னலுக்கு 10 முதல் 15 செ.மீ. மேலே வைத்து, இருபுறமும் 15 முதல் 20 செ.மீ. நீட்டிவிட்டால், திரையை ஒதுக்கும்போது துணி கண்ணாடியை மறைக்காமல் சுவரோரம் சேரும். ஒன்றரை மீட்டருக்கு மேல் நீளமானால் நடுவில் ஒரு பிராக்கெட் அவசியம். ரசமட்டம் வைத்துப் பார்ப்பது நல்லதுதான்; ஆனால் கூரையே சாய்ந்திருக்கும் அறையில் துல்லியமான மட்டத்தில் உள்ள கம்பிதான் கோணலாகத் தெரியும், அங்கே கண்ணுக்கு விட்டுக்கொடுத்துவிடுவேன்.

பிளைண்டில் துளையைவிட அளவெடுப்பதே கடினம். சுவரில் ஜன்னல் உள்வாங்கியிருக்கும் குழிவுக்குள் பொருத்துவதாக இருந்தால், அகலத்தை மேல், நடு, கீழ் என மூன்று இடங்களில் இரும்பு டேப்பால் அளந்து, மிகக் குறைந்ததை எடுத்துக்கொள்ளுங்கள். மேலே மட்டும் அளந்து நான் வாங்கிய பிளைண்ட், பாதி இறங்கியதும் சுவரில் உரசி நின்றது. கொடுப்பது குழிவின் அளவா, பிளைண்டின் அளவா என்பதையும் கடைக்காரரிடம் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். குழிவின் அளவு என்றால் அவர்களே சிறிது கழித்துக்கொள்வார்கள், நாமும் கழித்தால் இருபுறமும் வெளிச்சக் கீற்று விழும். உருளையில் துணி சுருளும் ரோலர் பிளைண்டில் துணி எப்போதும் அதன் மொத்த அகலத்தைவிடக் குறுகலாகவே இருக்கும் என்பதால், படுக்கையறை இருட்டாக வேண்டுமென்றால் குழிவுக்கு வெளியே, ஒவ்வொரு புறமும் ஐந்து செ.மீ.யாவது கூடுதலாக மறைக்கும்படி பொருத்துவதே சரி.

குழந்தைகள் உள்ள வீட்டில் கயிறில்லாத பிளைண்டையே வாங்குங்கள். தொங்கும் கயிற்று வளையம் கழுத்தில் சிக்கி உயிரிழப்புகள் நேர்ந்திருக்கின்றன. ஏற்கெனவே கயிறுள்ளது இருந்தால், தரையிலிருந்து 1.5 மீட்டருக்குக் குறையாத உயரத்தில் கொக்கி அடித்து அதில் சுற்றி வைத்து, அருகில் கட்டிலோ நாற்காலியோ இல்லாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஒன்பதாவது ஜன்னல் மாடிப்படியின் மேலே இருக்கிறது. ஏணியை நேராக நிறுத்தவே அங்கே இடமில்லை. அதற்கு மட்டும் ஆளை அழைத்தேன்.