அமெரிக்க விளையாட்டு வீரர்களைப் பற்றிய படங்களில் எதை முதலில் பார்க்கலாம்?

கூடைப்பந்து, பேஸ்பால் விதிகள் தெரியாத ஒருவர் அமெரிக்க விளையாட்டு வரலாற்றைத் திரையில் பார்க்க விரும்பினால் கதைப்படங்களில் தொடங்குவதா, ஆவணப்படங்களில் தொடங்குவதா என்று கேட்டிருக்கிறீர்கள். நான் ஆவணப்படங்களையே சொல்வேன். அவற்றிலும் ‘ஹூப் ட்ரீம்ஸ்’ (1994) படத்தை முதலில் பாருங்கள்.

கதைப்படம் எடுப்பவருக்கு முடிவு முன்கூட்டியே தெரியும் என்பதால், அதற்குப் பொருந்தாத உண்மைகளை அவர் ஓரங்கட்டிவிடுவார். ‘மணிபால்’ (2011) ரசித்துப் பார்க்கக்கூடிய படம்தான். ஆனால் 2002இல் ஓக்லாந்து பேஸ்பால் அணி தொடர்ச்சியாக 20 ஆட்டங்களை வென்றதற்கு, புள்ளிவிவரங்களைப் பார்த்துக் குறைந்த விலைக்கு எடுத்த வீரர்கள்தான் காரணம் என்ற எண்ணத்தை அது விதைக்கிறது. அதே ஆண்டு, பேஸ்பாலின் இரு பெரும் லீக்குகளில் ஒன்றான அமெரிக்கன் லீக்கின் சிறந்த பந்துவீச்சாளருக்கான விருதைப் பெற்ற பேரி ஸீட்டோவும், மிகச் சிறந்த வீரருக்கான விருதைப் பெற்ற மிகேல் தெஹாதாவும் அந்த அணியில்தான் ஆடினார்கள் என்பதைப் படம் ஏறக்குறைய மறந்தேவிடுகிறது.

‘ஹூப் ட்ரீம்ஸ்’ இதற்கு நேர்மாறானது. இயக்குநர் ஸ்டீவ் ஜேம்ஸும் அவருடைய கூட்டாளிகளும் முதலில் எடுக்க நினைத்தது தெருக் கூடைப்பந்தைப் பற்றிய அரை மணி நேரக் குறும்படம். அதுவே ஐந்து ஆண்டுகள் நீண்டு, சுமார் 250 மணி நேரப் பதிவாகி, இறுதியில் மூன்று மணி நேரத்திற்குச் சற்றுக் குறைந்த படமாக வந்தது. சிகாகோவின் ஏழ்மையான பகுதிகளைச் சேர்ந்த வில்லியம் கேட்ஸ், ஆர்தர் எகீ என்ற இரண்டு கறுப்பினச் சிறுவர்கள், என்பிஏ எனும் தொழில்முறைக் கூடைப்பந்து லீக்கின் நட்சத்திரம் ஐசையா தாமஸ் படித்த புறநகர்த் தனியார் பள்ளியில் சேர்கிறார்கள். வில்லியமுக்குக் கட்டணம் செலுத்த ஒரு புரவலர் கிடைக்கிறார். ஆர்தருக்கு யாரும் கிடைக்காததால், கட்டணம் பாக்கி விழுந்து அவர் பள்ளியை விட்டு வெளியேற நேர்கிறது. யார் நட்சத்திரமாவார், யார் பின்தங்குவார் என்று அப்போது எவருக்கும் தெரியாது. வில்லியமின் முழங்கால் காயமடைவதும், ஆர்தர் பிறகு சேர்ந்த அரசுப் பள்ளி 1991இல் மாநில அளவில் மூன்றாம் இடம் வரை முன்னேறுவதும் எந்தத் திரைக்கதையாளரும் எழுதி வைத்தவை அல்ல.

அந்தப் படத்தில் ஆட்டங்களைவிட மற்ற காட்சிகளே என் மனத்தில் தங்கியிருக்கின்றன. ஆர்தர் தெருமுனை மைதானத்தில் ஆடிக்கொண்டிருக்கிறார். அங்கு வரும் அவருடைய தந்தை, சற்றுத் தள்ளிப் போதைப்பொருள் விற்பவரிடம் செல்வதைக் கேமரா எட்ட நின்று பார்க்கிறது. வீட்டில் மின்சாரம் துண்டிக்கப்பட்டிருந்த நாட்களையும் கடந்துவந்த தாய் ஷீலா, செவிலியர் உதவியாளர் பயிற்சியில் முதல் மதிப்பெண் பெற்றதை அறிந்து தேம்பி அழுகிறார். படத்தின் மிகப் பெரிய வெற்றி அதுதான் என்பேன். இத்தகைய படத்தை ஆஸ்கர் குழு சிறந்த ஆவணப்படப் பிரிவில் பரிந்துரைக்கக்கூட இல்லை. படத்தொகுப்புக்கு மட்டுமே பரிந்துரை கிடைத்தது. அதனால் எழுந்த கண்டனத்திற்குப் பிறகே ஆவணப்படங்களைத் தேர்வு செய்யும் முறை மாற்றப்பட்டது.

பலர் ‘தி லாஸ்ட் டான்ஸ்’ (2020) தொடரை முதலில் பரிந்துரைப்பார்கள். 1997–98 பருவத்தில் சிகாகோ புல்ஸ் கூடைப்பந்து அணியுடனேயே சுற்றிய படக்குழு எடுத்த அரிய காட்சிகள் அதில் உள்ளன. பத்துப் பகுதிகளும் அலுப்பே தருவதில்லை. ஆனால் அந்தக் காட்சிகளைப் பயன்படுத்த அந்த அணியின் நட்சத்திரம் மைக்கேல் ஜோர்டனின் சம்மதம் தேவைப்பட்டது. அவருடைய வணிக மேலாளர்கள் தயாரிப்பாளர்கள் பட்டியலிலும் இருக்கிறார்கள். 1996 இறுதிச் சுற்றில் ஜோர்டனைத் தடுத்துக் களைப்படையச் செய்ததாக எதிரணி வீரர் கேரி பேட்டன் சொல்லும் காணொளியை ஜோர்டனிடமே டேப்லெட்டில் காட்டுகிறார்கள். அவர் பார்த்துவிட்டு உரக்கச் சிரிக்கிறார். அந்தச் சிரிப்புக்குப் பதில் சொல்ல பேட்டனுக்கு வாய்ப்பில்லை. நீதிமன்றத்தில் வாதியே தீர்ப்பும் எழுதினால் எப்படியோ, அப்படித்தான் இதுவும். தன்னையும் சக வீரர்களையும் காட்டிய விதம் குறித்து ஜோர்டனின் அணித்தோழர் ஸ்காட்டி பிப்பன் பின்னர் வெளிப்படையாகவே கசந்துகொண்டார்.

எனவே அதற்கு முன் எஸ்ரா எடல்மனின் ‘ஓ.ஜே.: மேட் இன் அமெரிக்கா’வை (2016) பார்த்துவிடுங்கள். ஐந்து பகுதிகள், 467 நிமிடங்கள். ஒரே மூச்சில் பார்க்க வேண்டியதில்லை. 1973இல் ஒரே பருவத்தில் பந்தை ஏந்தி 2,000 கெஜங்களுக்கு மேல் ஓடிச் சாதனை படைத்த அமெரிக்கக் கால்பந்து வீரர் ஓ.ஜே. சிம்ப்சன், 1995இல் கொலை வழக்கிலிருந்து விடுவிக்கப்பட்டபோது லாஸ் ஏஞ்சலஸ் நகரின் கறுப்பின மக்களில் பலர் ஏன் கொண்டாடினார்கள் என்பதைப் புரியவைக்க, இயக்குநர் அந்நகரின் வாட்ஸ் பகுதியில் 1965இல் நடந்த கலவரம் வரை பின்னோக்கிச் செல்கிறார். 1991இல் கறுப்பினத்தவரான ராட்னி கிங்கைக் காவலர்கள் அடித்ததும், மறு ஆண்டு அவர்கள் விடுவிக்கப்பட்டதும் தெரியாமல் அந்தத் தீர்ப்பைப் புரிந்துகொள்ள இயலாது.

குத்துச்சண்டையில் ஆர்வம் இருந்தால், 1974இல் ஆப்பிரிக்காவின் கின்ஷாசா நகரில் முகமது அலியும் ஜார்ஜ் ஃபோர்மனும் மோதியதைச் சொல்லும் ‘வென் வி வேர் கிங்ஸ்’ (1996) ஒரு மாலைக்குப் போதுமானது. கென் பர்ன்ஸின் ‘பேஸ்பால்’ (1994) தொடரை மட்டும் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள்: அது 18 மணி நேரத்திற்கும் மேல் ஓடும். மேலும், ஒரு முழு ஆட்டத்தையாவது பார்த்திருந்தால்தான், 9 இன்னிங்ஸ் கொண்ட ஆட்டத்தைப் போலவே அதை ஏன் 9 பகுதிகளாகப் பிரித்திருக்கிறார் என்பது உங்களுக்குச் சுவைக்கும்.