அம்மாவின் மூளை அனூரிசம்: காயில் வைக்கலாமா?

தலைவலிக்காக எடுத்த எம்ஆர்ஐயில் அம்மாவுக்கு 6 மில்லிமீட்டர் அனூரிசம் (மூளை ரத்தக்குழாய்ச் சுவரில் பலூன் போன்ற வீக்கம்) தெரிந்திருக்கிறது, மண்டையைத் திறக்காமல் ‘காயில்’ (coil, கம்பிச் சுருள்) வைக்கலாம் என்கிறார்கள், நம்பலாமா என்று கேட்டிருந்தீர்கள். முறையைப் பற்றிப் பயம் வேண்டாம், 1990களிலிருந்து செய்துவருவதுதான். தொடை இடுக்கு ரத்தக்குழாய் வழியே மெல்லிய குழாயை மூளைவரை கொண்டுபோய், பிளாட்டினக் கம்பியை அந்த வீக்கத்துக்குள் நூல்கண்டு போலச் சுருட்டிவிடுவார்கள். உள்ளே ரத்தம் உறைந்து அடைபட்டுவிடும்.

ஆனால் 6 மில்லிமீட்டரை மட்டும் பிடித்துக்கொண்டிருக்காதீர்கள். வீக்கத்தின் கழுத்து எவ்வளவு அகலம் என்று கேளுங்கள். அகலமாக இருந்தால் காயில் நழுவாமலிருக்க ஸ்டென்ட்டும் (ரத்தக்குழாய்க்குள் வைக்கும் சிறு வலைக்குழாய்) தேவைப்படலாம். ஸ்டென்ட் என்றால் ரத்தம் உறையாமலிருக்கும் மாத்திரைகள் மாதக்கணக்கில் தொடரும். அந்த மாத்திரைகளால் ரத்தக்கசிவு வரலாம் என்பதால், அம்மாவுக்கு வயிற்றுப்புண் இருந்தால் இப்போதே மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.

அப்புறம், பிளாட்டினம் காந்தத்துக்கு இழுபடாது. அதனால் வைத்த காயில் பின்னாளில் இறுகிச் சுருங்கிவிட்டதா என்று பார்க்க எம்ஆர்ஐயே எடுப்பார்கள். காயில் வைப்பதற்கு முன்பே சட்டென்று இடி விழுந்தாற்போல் தலைவலி வந்தால் யோசிக்காமல் அவசரப் பிரிவுக்கு ஓடுங்கள்.