விடைபெறும் ஞாயிறன்று பயிற்சிப் போதகர் எப்படி நன்றி சொல்வது?

அன்புள்ள சகோதரருக்கு,

இறையியல் படிப்புக்கிடையே ஊழியம் செய்த மெதடிஸ்த சபையை விட்டுப் புறப்படும் நாளில், ஒருவரும் விடுபடாமல் எவ்வாறு நன்றி சொல்வது என்று கேட்டிருந்தீர்கள்.

பெயர்ப் பட்டியலை வாசிக்க வேண்டாம் என்பதே என் கருத்து. எவ்வளவு கவனமாகத் தயாரித்தாலும் ஒருவர் விடுபடுவார். பெரும்பாலும் அவர், வாரந்தோறும் முதலில் வந்து ஆலயத்தைத் திறந்தவராக இருப்பார். ரோமருக்கு எழுதிய நிருபத்தின் 16ஆம் அதிகாரத்தில் பவுலும் பெயர்களை அடுக்குகிறார்தான். ஆனால் பெபேயாள் என்ற சகோதரி பலருக்கும் தமக்கும் ஆதரவாயிருந்ததைச் சொல்வதுபோல, பலரைப் பற்றி அவர்கள் செய்ததையும் சேர்த்தே சொல்கிறார். ஆகவே, உங்கள் தொடக்ககாலப் பிரசங்கங்களைச் சபையார் பொறுமையோடு கேட்டது, நோயாளியின் படுக்கையருகே எப்போது பேசாமலிருக்க வேண்டும் என்பதை ஒரு மூத்த உறுப்பினர் தம் நடத்தையால் காட்டித்தந்தது போன்ற இரண்டு மூன்று நிகழ்வுகளை மட்டும் விரிவாகச் சொல்லுங்கள். தனிப்பட்ட நன்றிக்குக் கையால் எழுதிய கடிதமே மேல்.

எந்த ஒரு போதகரிடமும் ஒரு சபைக்குத் தேவையான எல்லா வரங்களும் இருப்பதில்லை என்று மெதடிஸ்த இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி கருதியதால்தான், ஊழியரை இடம் மாற்றும் முறை மெதடிஸ்தரிடையே வேரூன்றியது. அதை நினைவூட்டி, அடுத்து வருபவரை இதே அன்போடு ஏற்குமாறு கேளுங்கள். இனி ஞானஸ்நானம், திருமணம், அடக்க ஆராதனை ஆகியவற்றுக்கு அவரையே அணுக வேண்டும் என்பதையும் அன்றே சொல்லிவிடுங்கள். பின்னர் தொலைபேசியில் மறுப்பது இருவருக்கும் சங்கடம்.