தூரத்து நண்பனிடம் ஒரு வேலை சொல்லிப் பாருங்கள்

கேள்வி: கல்லூரியில் ஒன்றாகச் சுற்றிய நண்பன் மெல்போர்னில் செட்டில் ஆகிவிட்டான். வாட்ஸ்அப், வீடியோ கால் எல்லாம் இருந்தும் பிறந்தநாள் வாழ்த்தோடும் "எப்படி இருக்க"வோடும் நின்றுவிடுகிறது. பழைய நெருக்கம் விட்டுப்போகாமல் இருக்க என்ன செய்யலாம்?

அவனிடம் ஏதாவது வேலை சொல்லுங்கள். அவனும் உங்களிடம் கூச்சப்படாமல் வேலை சொல்கிற மாதிரி நடந்துகொள்ளுங்கள். என் பதில் இவ்வளவுதான், கீழே இருப்பதெல்லாம் விளக்கம்.

நான் சென்னை தண்டையார்பேட்டை. எங்கள் செட்டில் ஒருத்தன் துபாயில் ஏசி மெக்கானிக், ஒருத்தன் டொராண்டோவில், ஒருத்தன் அந்தமானில் கடை வைத்திருக்கிறான், ஒருத்தன் சரக்குக் கப்பலில். பேர் போடவில்லை. படித்தால் அவன்களே கண்டுபிடித்துத் திட்டட்டும்.

"எப்படி இருக்க?" என்றால் "நல்லா இருக்கேன்டா" என்பதைத் தவிர ஒருத்தன் வேறென்ன சொல்ல முடியும்? ஊரில் இருந்தபோது நாங்கள் யாரும் யாரையும் அப்படி விசாரித்ததே கிடையாது. கேரம் போர்டில் பவுடர் தட்டும்போதும், பஞ்சர் ஆன வண்டியைத் தள்ளும்போதும், ரேஷன் வரிசையில் அம்மாவுக்குப் பதிலாக நிற்கும்போதும் பேச்சு தானாக வந்தது. வேலையை உருவிவிட்டுப் பேச்சை மட்டும் போனில் வைத்தால் அது எத்தனை நாளைக்குத் தாங்கும்?

இதை ஆராய்ச்சியாகவே செய்து பார்த்திருக்கிறார்கள். சாம் ராபர்ட்ஸ், ராபின் டன்பார் என்ற இரண்டு பேர் இங்கிலாந்தில் பள்ளி முடித்த மாணவர்களை 18 மாதம் பின்தொடர்ந்து, 2015இல் முடிவுகளை வெளியிட்டார்கள். பெண்களின் நட்பு பேசிக்கொண்டே இருந்தால் தாங்கியது. பையன்கள் விஷயத்தில் பேச்சு அவ்வளவாக உதவவில்லை, சேர்ந்து எதையாவது செய்தவர்களின் நட்புதான் நின்றது. மொத்தமே 30 பேரை வைத்துச் செய்த ஆய்வு, அதனால் வேதவாக்காக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆனால் எங்கள் செட்டுக்கு அளவெடுத்துத் தைத்த மாதிரி இருக்கிறது.

சரி, ஏழு கடல் தாண்டி இருப்பவனோடு சேர்ந்து என்ன செய்வது? டொராண்டோக்காரன் கதையைக் கேளுங்கள்.

அவன் அம்மா ராயபுரத்தில் தனியாக இருக்கிறார். ஞாயிறு விடியற்காலை நான் காசிமேடு மீன் மார்க்கெட் போனால் அவர் வீட்டுக்கும் சேர்த்துத்தான் மீன். காலை 5 மணி இங்கே என்றால் அங்கே சனிக்கிழமை ராத்திரி 7.30, குளிர்காலத்தில் அவர்கள் கடிகாரத்தைத் திருப்பி வைத்துவிடுவதால் 6.30. அவன் சாவகாசமாக உட்கார்ந்து லேப்டாப்பில் வீடியோ கால் போடுவான். நான் கூட்டத்துக்குள் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நடப்பேன்.

"அந்த வஞ்சிரத்தோட செவுளத் தூக்கிக் காட்டுடா. அய்ய, இது நேத்து மீனு, வேணாம். பக்கத்துல இன்னா, சங்கராவா?"

மீன்கார அக்காவுக்கு முதலில் கோபம். "இன்னா தம்பி, கனடாவுல குந்திகினு என் மீன குறை சொல்றியா?" என்று போனைப் பார்த்தே கேட்டார். இப்போது எனக்கு முன்னால் அவனைத்தான் விசாரிக்கிறார், "எங்கப்பா உன் ஃபாரின் ஃப்ரெண்டு?" என்று. காசும் அவனே போட்டுவிடுகிறான். கனடா, ஆஸ்திரேலியா, அமீரகம் உட்பட 10 நாடுகளின் போன் நம்பரை என்ஆர்இ, என்ஆர்ஓ கணக்கோடு (வெளிநாட்டில் இருப்பவர்கள் நம் ஊர் வங்கியில் வைத்திருக்கும் கணக்கு) இணைத்து யூபிஐ பயன்படுத்தலாம் என்று 2023இல் அனுமதி வந்தது. அக்கா க்யூஆர் அட்டையை கேமராவுக்கு நேராகப் பிடிப்பார், அவன் கையிலிருக்கும் போனை லேப்டாப் திரைக்குக் காட்டி ஸ்கேன் செய்வான், இங்கே ஸ்பீக்கர் பெட்டி "பெறப்பட்டது" என்று கத்தும். சுற்றி நிற்பவர்கள் ஒரு தடவையாவது திரும்பிப் பார்ப்பார்கள்.

இதில் எங்கே நட்பு வந்தது என்று கேட்கலாம். மீன் வெட்டிக் கொடுக்கும் வரைக்கும் காத்திருக்கிறோமே, அந்த நேரத்தில்தான் வீட்டுக்காரிக்கும் அவனுக்கும் சண்டை, ஆபீஸில் ஆள் குறைக்கிறார்கள், ராத்திரி தூக்கம் வருவதில்லை என்பதெல்லாம் வெளியே வரும். நேராகக் கேட்டிருந்தால் ஒருநாளும் சொல்லியிருக்க மாட்டான். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகு போகாது. அந்த இரண்டு மாதமும் எங்கள் பேச்சும் படுத்துவிடும். நல்லவேளை, ஐபிஎல் பெரும்பாலும் அப்போதுதான் வருகிறது.

துபாய்க்காரன் வேறு ரகம். அங்கே வாட்ஸ்அப்பில் மெசேஜ் போகும், வாய்ஸ் நோட் போகும், கால் மட்டும் போகாது. அனுமதி வாங்கிய செயலிகளில்தான் நெட் கால் பேச முடியும், போட்டிம் அதில் ஒன்று. அவன் சைட்டுக்குப் போகும் பஸ்ஸில் வாய்ஸ் நோட் கேட்பான், திரும்பும் பஸ்ஸில் பதில் பேசுவான். எனக்கு அதுவே போதும். ஒரு தடவை என் வீட்டு ஏசி குளிராமல் போக, வெளி யூனிட் பக்கத்தில் போனை வைத்து அந்தச் சத்தத்தைப் பதிவு செய்து அனுப்பினேன். "ஃபேன் சுத்துதா? சுத்தாம உறுமுதா? அப்ப கெப்பாசிட்டர் போயிருக்கும். வர்றவன் கம்ப்ரசர்னு சொன்னா காசு குடுக்காத" என்று பதில் வந்தது. கெப்பாசிட்டர்தான். அவன் பங்குக்கு அவன் வீட்டு ஈபி பில், மெட்ரோ வாட்டர் புகார், அவன் அப்பாவின் கண் ஆபரேஷன் என்று என் தலையில் கட்டுவான். கணக்குப் பார்த்தால் நான்தான் அதிகம் செய்திருக்கிறேன் என்று தோன்றும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது அந்தக் கணக்கு தலைகீழானது. கரண்ட் இல்லை, தெருவில் முட்டி வரை தண்ணீர், நெட் சுத்தமாகப் படுத்துவிட்டது, எஸ்எம்எஸ் மட்டும் தட்டுத் தடுமாறிப் போனது. அவன் அங்கிருந்து ஏரியா பசங்க போடுவதையெல்லாம் பார்த்து, எந்த ரோட்டில் தண்ணீர் வடிந்திருக்கிறது, எங்கே பால் கிடைக்கிறது என்று துண்டு துண்டாக எஸ்எம்எஸ் அனுப்பிக்கொண்டே இருந்தான். எங்கள் தெருவில் என்ன நடக்கிறது என்று தெருவில் இருந்த எங்களுக்குத் துபாயிலிருந்துதான் தெரிந்தது.

அந்தமானுக்கு 2020 ஆகஸ்ட் வரைக்கும் செயற்கைக்கோள் வழி நெட்தான். ஒரு போட்டோ திறப்பதற்குள் டீ ஆறிவிடும் என்பான். கல்யாண வீடியோவை மெமரி கார்டில் போட்டுக் கப்பலில் போகிறவரிடம் கொடுத்து அனுப்பியிருக்கிறோம், போய்ச் சேர மூன்று நாள். பிறகு சென்னையிலிருந்து சுமார் 2,300 கிலோமீட்டர் கேபிளைக் கடலுக்கு அடியில் போட்டார்கள். இப்போது எங்கள் பக்கத்துத் துணிக்கடைத் தெருவான எம்.சி. ரோட்டில் நான் புடவையை விரித்துக் காட்ட, அவன் வீட்டம்மா அங்கிருந்து "பார்டர் இன்னும் கொஞ்சம் பெருசா இருக்காண்ணா?" என்கிறார். புடவை மட்டும் இன்னமும் கப்பலில்தான் போகிறது.

கப்பல்காரனுக்கு ஒரே ஒரு விதி. "அர்ஜெண்ட், உடனே கூப்பிடு" என்று மொட்டையாக அனுப்பக் கூடாது. நடுக்கடலில் அதைப் படித்த அடுத்த நிமிடம் நெட் போனால் அவன் கதி என்ன? விஷயத்தை முழுசாக எழுதிவிட வேண்டும், வீடியோ வேண்டவே வேண்டாம். மாலுமிகளுக்கு முடிந்த அளவு இணைய வசதி தர வேண்டும் என்று சர்வதேச உடன்படிக்கையில் செய்த திருத்தம் 2024 டிசம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. கம்பெனிக்குக் கம்பெனி நிலைமை மாறுகிறது.

எங்களுக்கும் வாட்ஸ்அப் குரூப் இருக்கிறது. ரோஜாப்பூ குட்மார்னிங் படங்களால் நிரம்பி, எல்லோரும் மியூட்டில் போட்டு வைத்திருக்கிறோம். புதுவண்ணாரப்பேட்டை காசிமா 2024 நவம்பரில் அமெரிக்காவில் கேரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வாங்கியபோது மட்டும் அது உயிர் பெற்றது. நம்ம ஏரியா பொண்ணு என்பதில் ஆரம்பித்து, யார் முன்பு ரெட்டுக்கு ஃபாலோ போடாமல் கோட்டை விட்டான் என்ற பழைய பஞ்சாயத்து வரை போய், கப்பல்காரன்கூட ஏதோ துறைமுகத்திலிருந்து சண்டைக்கு வந்தான்.

ஸ்டேட்டஸ் பார்ப்பதைத் தொடர்பு என்று எண்ணிக்கொள்ளாதீர்கள். அவன் மகன் சைக்கிள் ஓட்டுவது உங்களுக்குத் தெரியும், நீங்கள் பார்த்தது அவனுக்குத் தெரியும், இரண்டு பேரும் பேசியிருக்க மாட்டீர்கள்.

உங்கள் மெல்போர்ன்காரனுக்கு வருவோம். நேரம் நம்மைவிட நாலரை மணி முன்னால், அவர்கள் கோடையில் ஐந்தரை. நம் சனிக்கிழமை காலை 7 மணி அவனுக்குச் சாப்பாட்டு நேரத்தை ஒட்டி வரும், அது தோது. முதல் மெசேஜிலேயே "ரொம்ப மிஸ் பண்றேன்டா" என்று ஆரம்பித்தால் என்னவோ ஏதோ என்று பயந்துவிடுவான். சொந்தத்தில் யாராவது அங்கே படிக்கப் போகிறார்களா? எந்தப் பக்கம் ரூம் எடுத்தால் ட்ரெயினுக்கு வசதி என்று கேளுங்கள். அவன் அப்பா அம்மா உங்கள் ஊரில்தான் என்றால், "அந்தப் பக்கம் போறேன், ஏதாச்சும் வேலை இருக்கா" என்று கேளுங்கள். கடன் கேட்பதும், வரும்போது ஐபோன் வாங்கி வா என்பதும் இதில் சேராது. அந்த இரண்டாலும் முறிந்த நட்புகள் எங்கள் ஏரியாவில் ஏராளம்.

பதில் வர ஒரு வாரம் ஆனாலும் அடுத்த மெசேஜ் போடாதீர்கள், ப்ளூ டிக்கையும் எண்ணிக்கொண்டிருக்காதீர்கள். ஷிஃப்ட், குழந்தை, துணி துவைப்பது எல்லாம் அங்கே அவனே பார்க்க வேண்டியிருக்கும்.